பான் 2008: ஆனந்த் தன் முதல் நகர்த்தலை மாற்றியது எப்படி?

2008 அக்டோபர் 15, ஜெர்மனியின் பான் நகரம். உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் இரண்டாவது ஆட்டம். விஸ்வநாதன் ஆனந்துக்கு வெள்ளைக் காய்கள், எதிரே ரஷ்யாவின் விளாடிமிர் கிராம்னிக். ஆனந்த் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். செஸ் குறிப்பில் இதை டி4 என்று எழுதுவார்கள்.

செஸ் ஆடாதவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் இருபது வழிகள் இருக்கின்றன, அதில் ஒன்றை அவர் ஆடினார், அவ்வளவுதான். ஆனால் ஆனந்தின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் இ4 ஆட்டக்காரர். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தித்தான் வளர்ந்தார், ஜெயித்தார், உலகின் முதல் இடத்துக்கும் வந்தார். எப்போதாவது மாற்றி ஆடியது உண்டு. உலகப் பட்டத்தைப் பணயம் வைத்து, அதுவும் 38 வயதில், வெள்ளை ஆட்டத்தின் அடித்தளத்தையே மாற்றியது வேறு விஷயம்.

பழக்கத்தை மாற்றுவது பற்றிப் பேச வரும் பலர் காலை ஐந்து மணிக்கு எழுவதில் ஆரம்பித்து போனைத் தள்ளி வைப்பதில் முடித்துவிடுகிறார்கள். கெட்ட பழக்கத்தை விடு, நல்ல பழக்கத்தைப் பிடி என்பதோடு சரி. வேலையில் நம்மைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கெட்ட பழக்கம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நம்மை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த நல்ல பழக்கம்தான் ஒரு கட்டத்தில் குறுக்கே நிற்கிறது. அதை விடுவது சிகரெட்டை விடுவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அதை விடச் சொல்லி யாரும் நம்மை வற்புறுத்துவதில்லை. பான் போட்டியை ஆய்வுக்கு எடுத்ததற்கு அதுதான் காரணம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. செஸ்ஸில் ஒவ்வொரு நகர்த்தலும் பதிவாகிறது. யார் எதை மாற்றினார், அதனால் என்ன ஆனது என்பதை ஆட்டக் குறிப்பை வைத்துக்கொண்டே சரிபார்க்கலாம்.

வேகம் என்ற முதல் பழக்கம்

ஆனந்த் 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது அம்மா. அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். அதன் நிமித்தம் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே மதிய நேரத்தில் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா புதிரைக் குறித்து வைப்பார், சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். அடிக்கடி ஜெயித்ததில், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போட்டிக்கு விடை அனுப்புவதை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்பது ஆனந்த் பல பேட்டிகளில் சொன்ன கதை.

சென்னையில் அவர் ஆடிய இடம் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய மிகைல் தால் செஸ் கிளப். அங்கே பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் நாற்காலியில் தொடர்வார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பலகைகள் குறைவு, ஆட்கள் அதிகம். ஒரு சிறுவனுக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டுமா? வேகமாக ஆடு, ஜெயி, இடத்தை விடாதே. ‘லைட்னிங் கிட்’ என்ற பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எதிராளிகள் மணிக்கணக்கில் யோசித்த ஆட்டங்களைச் சில நிமிடங்களில் ஆடி முடித்துவிட்டு எழுந்து உலாத்திக்கொண்டிருப்பார்.

பழக்கங்களை ஆராய்பவர்கள் சூழல், செயல், பலன் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தால் கிளப்பில் மூன்றுமே கண்ணுக்குத் தெரிகிறது. சூழல், கடிகாரமும் பின்னால் காத்திருக்கும் வரிசையும். செயல், யோசிக்காமல் கை நகர்வது. பலன், அந்த நாற்காலி. பையன் உட்கார்ந்து “இனி வேகமாக ஆடுவேன்” என்று எந்த முடிவும் எடுக்கவில்லை. அந்த அறை அவனை அப்படி ஆக்கியது.

அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த விலையும் பதிவில் இருக்கிறது. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன 1988-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ ஸபாட்டாவிடம் ஆறே நகர்த்தலில் தோற்றார். கறுப்புக் காய், இ4-க்கு எதிராக ஆடும் பெட்ரோஃப் தற்காப்பு. ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். ஸபாட்டா ராணியை ஒரு கட்டம் நகர்த்தினார். ஒரு காய் போவதைத் தடுக்க வழியில்லை, ஆட்டம் முடிந்தது. ஆனந்த் ஆடியது அவர் கண்டுபிடித்த நகர்த்தலும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் மைல்ஸ், கிறிஸ்டியன்சென் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிரா ஆன ஆட்டத்தில் அதே நகர்த்தல் வந்திருந்தது. அங்கே மைல்ஸ் அதைத் தண்டிக்கவில்லை. அச்சில் வந்ததை நம்பி, பலகையில் சரிபார்க்காமல் கை போய்விட்டது. நாலைந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஆனந்த் அளவு திறமை உள்ளவருக்குத் தெரியாமல் போயிருக்காது.

பெட்ரோஃப் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1995: அடி வாங்கிய பக்கம்

பான் போட்டியைப் புரிந்துகொள்ள 1995 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் அப்போதைய சாம்பியன் காரி காஸ்பரோவுடன் பட்டப் போட்டி. முதல் எட்டு ஆட்டங்கள் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கு காஸ்பரோவுக்குப் போனது. முடிவு 10.5–7.5.

அந்தச் சரிவு ஆரம்பித்த இரண்டு ஆட்டங்களும் பழக்கத்தின் கதைதான். பத்தாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ‘ஓபன் ஸ்பானிஷ்’ என்ற வழியை ஆடினார். ஆறாவது ஆட்டத்திலும் அதையே ஆடி டிரா செய்திருந்தார். நடுவில் கிடைத்த நாட்களில் காஸ்பரோவின் குழு அந்த வழியைக் குடைந்திருந்தது. காஸ்பரோவ் மூலையில் இருந்த யானையையே பலி கொடுக்கும் ஒரு திட்டத்தோடு வந்தார், யோசிக்காமல் மளமளவென்று ஆடினார், நகர்த்திவிட்டு எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஆனந்த் தனியாக உட்கார்ந்து அந்தப் புயலை முதல் முறையாகப் பார்த்தார்.

பதினோராவது ஆட்டத்தில் ஆனந்துக்கு வெள்ளை. வழக்கம்போல் இ4. காஸ்பரோவ் சிசிலியன் டிராகனை ஆடினார். காஸ்பரோவ் போன்ற ஆளிடமிருந்து யாரும் எதிர்பார்க்காத தற்காப்பு அது. ஆனந்த் தடுமாறித் தோற்றார், பதின்மூன்றாவதிலும் டிராகனிடமே தோற்றார்.

ஒருவர் தன் வழக்கத்தை மாற்றவில்லை, மற்றவர் மாற்றினார். எதிராளி நம் பழக்கத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் மேசைக்கு வருகிறான், அந்தக் கணக்கைக் கலைப்பதே ஒரு நகர்த்தல். பதின்மூன்று வருடம் கழித்து ஆனந்த் செய்தது இதைத்தான்.

பிரச்சினை என்ன?

2007 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் நடந்த எட்டுப் பேர் போட்டியில் ஆனந்த் 14-க்கு 9 புள்ளிகள் எடுத்து உலக சாம்பியன் ஆனார். கிராம்னிக்கும் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டும் ஒரு புள்ளி பின்னால். ஆனால் ஒருவருக்கொருவர் ஆடும் நேரடிப் போட்டியில்தான் உண்மையான பட்டம் என்ற பேச்சு செஸ் உலகில் ஓயவில்லை. கிராம்னிக் 2000-ல் லண்டனில் காஸ்பரோவையே நேரடிப் போட்டியில் சாய்த்தவர்.

லண்டனில் அவர் செய்ததைப் பார்த்தால் ஆனந்தின் சிக்கல் புரியும். காஸ்பரோவ் இ4 ஆடினார். கிராம்னிக் அப்போது பெரிய ஆட்டக்காரர்கள் சீண்டாமல் வைத்திருந்த ‘பெர்லின்’ தற்காப்பைக் கொண்டுவந்தார். ராணிகள் எட்டாவது நகர்த்தலிலேயே வெளியே போய்விடும். தாக்க ஒன்றும் இல்லை, மணிக்கணக்கில் சுவரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு ஆட்டங்களில் அந்தச் சுவர் வந்தது, நான்கும் டிரா. காஸ்பரோவ் அந்தப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தார்.

ஆக, இ4 ஆடினால் கிராம்னிக்கிடமிருந்து பெர்லின் வரும், இல்லாவிட்டால் பெட்ரோஃப் வரும். இரண்டுமே வறண்ட பாதைகள். பன்னிரண்டு ஆட்டப் போட்டியில் வெள்ளைக்கு ஆறு வாய்ப்பு. ஆறையும் சுவரில் முட்டிச் செலவழிப்பதா? ஆனந்த் இ4-ஐ மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்ல முடியாது. உலகிலேயே அதைச் சிறப்பாக ஆடியவர்களில் ஒருவர் அவர். அது எந்த எதிராளிக்கு முன்னால் என்பதில்தான் பிரச்சினை. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இது. பழக்கத்தைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று எடை போட முடியாது. எங்கே, யாருக்கு முன்னால், எதற்காக என்று சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு வரும்.

திறமை கண்ணை மறைக்கும்போது

இதே 2008-ல், தற்செயலாக, செஸ் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வெளியானது. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபே ஆகியோர் செய்தது. நன்றாக ஆடுபவர்களுக்கு ஒரு நிலையைக் காட்டி, மிகக் குறைந்த நகர்த்தல்களில் ஜெயிக்கும் வழியைக் கேட்டார்கள். அதில் இரண்டு தீர்வுகள் இருந்தன. ஒன்று செஸ் படித்த எல்லாருக்கும் தெரிந்தது, குதிரையால் ராஜாவை மூச்சுத் திணறடிக்கும் ஐந்து நகர்த்தல் வழி. மற்றொன்று மூன்றே நகர்த்தலில் முடிவது, ஆனால் அவ்வளவு பழக்கமில்லாதது.

பலர் தெரிந்த வழியை உடனே கண்டுபிடித்தார்கள். அதைவிடக் குறுகிய வழி உண்டா என்று தேடச் சொன்னபோது தேடுகிறோம் என்றார்கள். கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால், பார்வை முதல் தீர்வு சம்பந்தப்பட்ட கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. திறந்த மனதோடு தேடுவதாக உண்மையிலேயே நம்பினார்கள். தெரிந்த வழி செல்லாதபடி நிலையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்ததும் அதே ஆட்கள் குறுகிய வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு இது பழக்கம் பற்றிப் படித்ததிலேயே சங்கடமான ஆய்வு. “நான் எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன்” என்று அனுபவசாலி ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் சொல்லும்போது, அவர் நேர்மையாகத்தான் சொல்கிறார், ஆனாலும் யோசிக்கவில்லை என்று ஆகிறது. தீர்வும் அதிலேயே இருக்கிறது. இன்னும் கடினமாக யோசி என்று சொல்லிப் பயன் இல்லை. தெரிந்த வழியைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இ4-ஐ எடுத்துவிட்டு ஆனந்த் தன் குழுவுடன் உட்கார்ந்தது அப்படித்தான்.

மாற்றம் எப்படி நடந்தது?

குழுவில் நான்கு பேர்: டென்மார்க்கின் பீட்டர் ஹெய்னே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி, போலந்தின் ராதோஸ்வாவ் வோய்தாஷெக். பிராங்பர்ட்டுக்கு அருகில் உள்ள பாட் சோடன் என்ற சிறு ஊரில் ஆனந்துக்கு வீடு இருந்தது. முகாம் அங்கே.

முதல் நகர்த்தலை மாற்றுவது என்றால் ஒரு சிப்பாய்க்குப் பதில் இன்னொரு சிப்பாயை நகர்த்துவது என்று தோன்றும். அதற்குப் பின்னால் இருக்கும் வேலை பயங்கரமானது. டி4-க்கு எதிராளி நிம்சோ-இந்தியன் என்ற தற்காப்பை ஆடலாம், ஸ்லாவ் ஆடலாம், ராணி கேம்பிட்டை மறுக்கலாம், இன்னும் பல. ஒவ்வொன்றும் இருபது நகர்த்தல் ஆழம் வரை கிளை விடும். ஆனந்துக்கு இ4 நிலைகளில் எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்பது கையிலேயே இருந்தது. பல வருடம் ஆடிய நிலையைக் கொத்துக் கொத்தாகப் படிக்கிறது மூளை. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-லேயே இதைக் காட்டினார்கள். உண்மையான ஆட்ட நிலையைச் சில நொடி பார்த்துவிட்டு மாஸ்டர்கள் கிட்டத்தட்ட அப்படியே அடுக்குவார்கள், காய்களைத் தாறுமாறாக வைத்துவிட்டால் அவர்களும் நம்மைப் போலத்தான். டி4 பக்கம் போவது என்றால் அந்தக் கொத்துகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆனந்துக்கு மன உறுதி எப்போதும் இருந்தது. இல்லாதது சரக்கு.

இன்னொரு சங்கடம், ஒத்திகையை வெளியே பார்க்க முடியாது. புதிய பழக்கத்தைப் போட்டிகளில் ஆடிப் பார்த்தால் கிராம்னிக்கின் குழுவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஆனந்த் மற்ற போட்டிகளிலும் ஆடியாக வேண்டும். பானுக்கு ஒரு மாதம் முன்பு, 2008 செப்டம்பரில், ஸ்பெயினின் பில்பாவோவில் ஆறு பேர் போட்டி. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கடைசி இடம். சேர்த்து வைத்த சரக்கைக் காட்டக் கூடாது என்று கட்டிப்போட்டுக்கொண்டு ஆடினால் வேறு எப்படி இருக்கும்? பட்டப் போட்டிக்கு முன் ஆனந்த் கதை முடிந்தது என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

பழக்கத்தை மாற்ற நினைப்பவர் இந்தப் பில்பாவோ மாதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழையது கையை விட்டுப் போயிருக்கும், புதியது இன்னும் வந்திருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் மோசமாகிவிட்டதாகவே தெரியும். இருபத்தொரு நாளில் பழக்கம் மாறும் என்று ஒரு கதை உலாவுகிறது. அதன் மூலம் 1960-ல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகளைப் பார்த்துப் பொதுவாக எழுதிய ஒரு குறிப்பு. 2010-ல் பிலிப்பா லாலியின் குழு லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கமே தன்னிச்சையாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிக்கவே இவ்வளவு என்றால் தொழிலின் அடித்தளத்தை மாற்ற எவ்வளவு ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பலகையில் நடந்தது

முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில் டி4, நிம்சோ-இந்தியன், டிரா. மூன்றாவதில் கிராம்னிக்குக்கு வெள்ளை. ஆனந்த் ‘மெரான்’ என்ற கூர்மையான வழியில் இறங்கி, பதினான்காவது நகர்த்தலில் பிஷப்பை ராணி பக்க மூலைப் பாதைக்குக் கொண்டுவந்தார். குழு தயார் செய்து வைத்திருந்த யோசனை. ராஜாவுக்குச் சரியான பாதுகாப்பு இல்லாத, இரண்டு பக்கமும் வெட்டுக்குத்தான நிலை. கிராம்னிக் விரும்பாத வகை. ஆனந்த் ஜெயித்தார். நான்காவது டிரா.

ஐந்தாவது ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது. கிராம்னிக் அதே மெரானுக்குத் திரும்ப வந்தார். இரண்டு நாள் ஆராய்ந்து பதில் வைத்திருந்தார் என்று நினைக்கலாம். ஆனால் பதினைந்தாவது நகர்த்தலில் முதலில் மாற்றி ஆடியது ஆனந்த். ஆட்டம் சமமாகப் போனது. 29-ஆவது நகர்த்தலில் கிராம்னிக் குதிரையால் ஒரு சிப்பாயை எடுத்தார். பார்த்தால் இலவசம். அதற்குப் பின்னால் ஐந்து நகர்த்தல் தள்ளி, 34-ஆவதில், ஆனந்தின் குதிரை எதிரியின் கோட்டைக்குள் போய் உட்காரும் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் குதிரையை எடுத்தால் சிப்பாய் ராணியாகிவிடும், எடுக்காவிட்டாலும் தோல்வி. கிராம்னிக் ஆட்டத்தை விட்டார்.

ஆறாவதில் டி4-க்கு முதல் வெற்றி கிடைத்தது. பாதிப் போட்டியில் 4.5–1.5. அடுத்த மூன்றும் டிரா. பத்தாவதில் கிராம்னிக் ஜெயித்து 6–4 என்று கொண்டுவந்தார். பதினோராவது ஆட்டம் ஆனந்துக்கு வெள்ளை. டிரா செய்தால் போதும்.

அன்று ஆனந்த் ஆடிய முதல் நகர்த்தல் இ4.

எனக்கு இதில் கணக்கு தெரிகிறது. கிராம்னிக் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் பெட்ரோஃபும் பெர்லினும் அவருக்கு உதவாது, இரண்டும் டிராவுக்கான ஆயுதங்கள். அவர்தான் தன் வழக்கத்தை விட வேண்டும். விட்டார், சிசிலியன் நைடார்ஃப் ஆடினார். அது ஆனந்த் வாழ்நாள் முழுக்க ஆடிப் பழகிய நிலம். இருபத்து நான்கு நகர்த்தலில் டிரா. 6.5–4.5, பட்டம் தங்கியது.

டி4 என்னதான் செய்தது?

கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். ஆனந்த் டி4 ஆடியது ஐந்து ஆட்டம். ஒரு வெற்றி, நான்கு டிரா. அவருடைய மூன்று வெற்றிகளில் இரண்டு கறுப்புக் காய்களில் வந்தவை, டி4-க்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. “முதல் நகர்த்தலை மாற்றினார், அதனால் ஜெயித்தார்” என்று சொன்னால் ஆட்டக் குறிப்பு ஒத்துக்கொள்ளாது.

டி4-இன் பலனை நடக்காமல் போனதில் தேட வேண்டும். பதினோரு ஆட்டத்தில் பெர்லினோ பெட்ரோஃபோ ஒரு தடவைகூடப் பலகைக்கு வரவில்லை. கிராம்னிக் இ4-க்கு எதிராக அடுக்கி வைத்திருந்த தயாரிப்பு அப்படியே கிடந்தது. இன்னொன்று, கூர்மையான நிலைகளை அவர் திரும்பத் திரும்பச் சந்திக்க நேர்ந்தது. இதற்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம் என்பது வாதத்துக்குரியது. நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே போடுவேன். மீதி மெரானைத் தோண்டிய குழுவுக்கும், கிராம்னிக்கின் ஒரு தவறுக்கும்.

டி4-இன் நேரடி வசூல் இரண்டு வருடம் தள்ளித்தான் வந்தது. 2010 ஏப்ரலில் பல்கேரியாவின் சோஃபியாவில் அந்நாட்டின் வெசலின் டோபலோவுடன் பட்டப் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் பிராங்பர்ட்டிலிருந்து வேனில் சோஃபியா போனார். முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதையும் நான்காவதையும் டி4-இல் தொடங்கும் கேட்டலான் வழியில் ஜெயித்தார். பானுக்காகக் கட்டிய புதிய பழக்கம் வேறொரு ஊரில், வேறொரு எதிராளியிடம் விளைந்தது. கடைசி ஆட்டத்தைக் கறுப்பில் ஜெயித்து 6.5–5.5.

அலுவலகத்துக்கு எடுத்துப் போகக்கூடியது

செஸ் பலகையையும் அலுவலகத்தையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே விதி தெளிவு, எதிராளி ஒருவர், முடிவு அன்றே தெரியும். அலுவலகத்தில் மூன்றும் கிடையாது. இருந்தாலும் சில விஷயங்கள் பொருந்துகின்றன.

ஒரு டீம் லீடை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் முதல் ஆளாகப் பதில் சொல்பவர். ஐந்து வருடம் முன்பு அந்தப் பழக்கம்தான் அவரைக் கவனிக்க வைத்தது, பதவி உயர்வு தந்தது. இப்போது அவருக்குக் கீழே எட்டுப் பேர். கூட்டத்தில் அவர் முதலில் பேசிவிடுவதால் அந்த எட்டுப் பேரும் வாயைத் திறப்பதில்லை. அவரோ இவர்களுக்கு முன்முயற்சியே இல்லை என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதுகிறார். இது இ4 பிரச்சினைதான். பழக்கம் அப்படியே இருக்கிறது, எதிரே இருப்பது மாறிவிட்டது.

அவரிடம் “இனி பொறுமையாக இருங்கள்” என்றால் ஒரு வாரம் தாங்கும். பிலாலிச் ஆய்வின் பாடப்படி, தெரிந்த வழியை எடுத்துவிட வேண்டும். கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும், இவர் கடைசியில்தான் பேசலாம் என்று வரிசையையே மாற்றலாம். அல்லது முதல் கால் மணி நேரம் எல்லாரும் எழுதி வைத்துவிட்டு அப்புறம் பேசலாம். முதல் சில கூட்டங்கள் இழுக்கும், சொதப்பும். மேலதிகாரி வந்து “என்ன, முன்னே மாதிரி விறுவிறுப்பு இல்லையே” என்பார். அதுதான் அவருடைய பில்பாவோ. அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது, என்ன நடக்கிறது என்று உள்ளே இருந்து தெரிந்த இரண்டு மூன்று பேர். ஆனந்துக்கு அது நான்கு பேர்.

எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, அதை நாமே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனந்துக்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் பதிவில் இருந்தன, எதிராளி கண்ணால் தன்னைப் பார்க்க முடிந்தது. நமக்குப் பதிவு கிடையாது. கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். “இந்த மெயிலுக்கு நான் என்ன பதில் போடுவேன் என்று நினைக்கிறாய்?” என்று பக்கத்து சீட்டில் கேட்டுப் பாருங்கள். நொடியில் சரியாகச் சொல்லிவிட்டால், உங்கள் இ4 அங்கே இருக்கிறது. அது மாற்ற வேண்டியதா, வைத்துக்கொள்ள வேண்டியதா என்பது அடுத்த கேள்வி. எல்லா இ4-ஐயும் மாற்ற வேண்டியதில்லை. ஆனந்தும் தூக்கிப் போடவில்லை, தேவைப்பட்ட அன்று எடுத்து ஆடினார்.

இந்த முறை எங்கே செல்லவில்லை?

2013 நவம்பரில் சென்னையில் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தார். பத்தே ஆட்டத்தில் 6.5–3.5, ஒரு வெற்றிகூட இல்லை. முதல் நகர்த்தலை அங்கேயும் மாற்றிப் பார்த்தார். இ4-க்குக் கார்ல்சன் பெர்லின் ஆடினார், ஆறாவது ஆட்டம் அதில்தான் போனது. ஒன்பதாவதில் ஆனந்த் டி4-க்கு வந்தார், தாக்குதல் நிலை கிடைத்தது, 28-ஆவது நகர்த்தலில் குதிரையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தித் தோற்றார்.

கிராம்னிக்கிடம் இடிக்க ஒரு சுவர் இருந்தது. கார்ல்சனிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஓபனிங் எனும் ஆட்டத் தொடக்கத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல், எந்த நிலையாக இருந்தாலும் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து ஆடத் தயாராக வந்தவர் அவர். அவர் ஜெயித்த முதல் இரண்டு ஆட்டங்களும் நீண்ட இறுதி ஆட்டங்கள். அங்கே மாற்ற வேண்டிய பழக்கம் முதல் நகர்த்தலில் இல்லை, நான்காவது மணி நேரத்துக்குப் பிறகு சோர்வில் ஆடும் நகர்த்தல்களில் இருந்தது. 43 வயதில், 22 வயதுக்காரருக்கு எதிரே, அதைச் சில மாத முகாமில் கட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் நடந்த, சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை ஆனந்த் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து மறுபடி கார்ல்சனுக்கு எதிரே உட்கார்ந்தார். ரஷ்யாவின் சோச்சியில் நடந்த அந்தப் பட்டப் போட்டியில் மூன்றாவது ஆட்டத்தை டி4-இல் ஜெயித்தார். போட்டி 6.5–4.5 என்று கார்ல்சனுக்கே போனது.